தோற்க நிற்பவரையும் நிற்க விடுங்கள்: சட்ட ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

இந்தியச் சட்ட ஆணையத்தின் தலைவர் மற்றும் உறுப்பினர்கள் அவர்களுக்கு,

வணக்கம். சேலம் மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அரசுப் பள்ளி ஆசிரியர் என்றால் தேர்தல் வேலையும் சேர்த்துத்தான். அந்தப் பழக்கத்தில், தேர்தல் பற்றி நீங்கள் எழுதும் அறிக்கைகளைத் தேடிப் பிடித்துப் படிப்பதுண்டு.

1999-இல் வந்த உங்கள் 170-ஆவது அறிக்கை, சுயேச்சைகளைத் தேர்தலில் நிற்க விடாமல் தடுக்கக் காலம் கனிந்துவிட்டது என்றது. 2015-இல் வந்த 255-ஆவது அறிக்கை இன்னும் ஒரு படி மேலே போய், மக்களவைக்கும் சட்டப்பேரவைக்கும் பதிவு பெற்ற கட்சிகள் நிறுத்துபவர்கள் மட்டுமே நிற்கலாம் என்று சட்டத்தையே திருத்தச் சொன்னது. சுயேச்சைகளில் பெரும்பாலோர் ஒப்புக்கு நிற்பவர்கள், இல்லாவிட்டால் இன்னொரு வேட்பாளரின் பெயரையே கொண்டு பெயர்க் குழப்பம் உண்டாக்க யாரோ நிறுத்தியவர்கள் என்பது நீங்கள் சொன்ன காரணம். இரண்டு முறையும் பரிந்துரை அறிக்கையோடு நின்றுவிட்டது. மூன்றாவது முறையும் யாராவது அதைத் தூசி தட்டி எடுப்பார்கள் என்பதால்தான் இந்த மடல்.

உங்கள் அறிக்கையின் கணக்குப்படி பார்த்தால் ஒப்புக்கு நிற்பவர்களுக்கெல்லாம் தலைவர் எங்கள் மாவட்டத்துக்காரர். மேட்டூர் கே. பத்மராஜன். பெயர் நினைவில் இல்லாதவர்களுக்கும் 'எல்லாத் தேர்தல்லயும் நிப்பாரே, அந்த மேட்டூர்க்காரர்' என்றால் தெரிந்துவிடும். பத்திரிகைகள் 'தேர்தல் மன்னன்' என்று பட்டம் கொடுத்திருக்கின்றன. டயர் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர், ஹோமியோபதி வைத்தியமும் தெரிந்தவர். 1988-இல் ஆரம்பித்தார். டயர் கடைக்காரனுக்கு எதற்கு இந்த வேலை என்று அப்போது ஊரே சிரித்தது. சாதாரண ஆளாலும் நிற்க முடியும் என்று காட்டத்தான் நின்றேன் என்பது அவருடைய பதில். 2024 மக்களவைத் தேர்தலில் தருமபுரியில் டயர் சின்னத்தோடு நின்றபோது, அதற்கு முன்பே 238 தேர்தல்களில் தோற்றவர் என்று உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. மீன், மோதிரம், தொப்பி, தொலைபேசி என்று சின்னம் மாறிக்கொண்டே இருக்கும். முடிவு மட்டும் மாறாது.

வாஜ்பாய், நரசிம்ம ராவ், மன்மோகன் சிங், மோடி, ராகுல் காந்தி என்று அவர் எதிர்த்து மனுப் போட்டவர்களின் பட்டியலை எழுதினால் இந்திய அரசியல் வரலாற்றில் பாதி வந்துவிடும். பல மனுக்கள் பரிசீலனையிலேயே தள்ளுபடி ஆகியிருக்கின்றன. குடியரசுத் தலைவர் தேர்தலுக்கும் போடுவார். அதற்கு 50 பேர் முன்மொழிய வேண்டும், 50 பேர் வழிமொழிய வேண்டும், அத்தனை பேரும் நாடாளுமன்ற உறுப்பினராகவோ சட்டப்பேரவை உறுப்பினராகவோ இருக்க வேண்டும். டயர் கடைக்காரருக்கு அது எங்கே கிடைக்கும்? தெரிந்தேதான் போடுவார்.

அவருடைய உச்சம் 2011. சொந்த ஊரான மேட்டூர் சட்டமன்றத் தொகுதியில் 6,273 ஓட்டு. ஜெயித்தவர் வாங்கியது 75 ஆயிரத்துக்கும் மேல். ஆனாலும் அந்த 6,273 என்னைக் கொஞ்சம் யோசிக்க வைத்த எண். பிரியாணி கிடையாது, கவர் கிடையாது, வேன் ஏற்றிக் கொண்டுபோய் இறக்க ஆள் கிடையாது, எனக்கு ஓட்டுப் போடாதீர்கள் என்று வேட்பாளரே சொல்லிக்கொண்டு திரிகிறார். அப்படியும் ஆறாயிரம் பேர் வரிசையில் நின்று அந்தப் பொத்தானைத் தேடி அழுத்தியிருக்கிறார்கள். ஒப்புக்கு நின்றவருக்கு ஒப்புக்குப் போட்ட ஓட்டு என்று உங்களால் அதைத் தள்ளிவிட முடியுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அவரைத் தியாகி ஆக்குவது என் நோக்கம் இல்லை. சாதனைப் புத்தகத்தில் பேர் வர வேண்டும் என்ற ஆசை அவருக்கு உண்டு. லிம்கா சாதனைப் புத்தகத்தில் வந்தும் விட்டது. அதை அவர் மறைப்பதும் இல்லை. இத்தனை தேர்தலில் நின்றவர் ஒரு தடவையாவது ஒரு தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டு நின்றிருக்கலாமே என்று எரிச்சல் பட்டவர்களில் நானும் ஒருவன். என் ஓட்டு அவருக்குப் போனதில்லை. போடாதே என்று சொல்பவருக்குப் போடாமல் இருந்ததில் அவருக்கும் வருத்தம் இருக்காது.

1991-இல் நடந்தது என்று அவர் சொல்லும் ஒரு கதை உண்டு. நரசிம்ம ராவ் பிரதமரான கையோடு ஆந்திராவின் நந்தியால் தொகுதி இடைத்தேர்தலில் நின்றார். தெலுங்கர் ஒருவர் பிரதமர் ஆகியிருக்கிறார் என்று தெலுங்கு தேசம் கட்சியே எதிர்த்து ஆள் நிறுத்தவில்லை. ராவ் ஐந்து லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்தத் தேர்தலில் மனுப் போடப் போன தன்னைச் சிலர் கடத்திக்கொண்டு போனார்கள் என்கிறார் பத்மராஜன். யார், எதற்கு என்பதற்கெல்லாம் சாட்சி கிடையாது, அவர் சொல்வதுதான். திரும்பி வந்தவர் அடுத்த தேர்தலுக்கும் மனுப் போட்டார். இந்த இடத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சூரத்துக்கு வரும்போது தேவைப்படும்.

இந்த மாதிரி ஆட்கள் அவருக்கு முன்பும் இருந்தார்கள். உத்தரப் பிரதேசத்தின் பரேலியில் துணி வியாபாரியான காக்கா ஜோகிந்தர் சிங், 'தர்த்தி பக்கட்' என்ற பட்டப்பெயரோடு 300 தேர்தலுக்கு மேல் நின்றவர் என்பார்கள். 1992 குடியரசுத் தலைவர் தேர்தலில் சங்கர் தயாள் சர்மாவை எதிர்த்து அவர் வாங்கிய வாக்கு மதிப்பு 1,135. இழந்த கட்டுத்தொகையை (டெபாசிட்டை) எல்லாம் நாட்டுக்கு என் நன்கொடை என்று சொல்லிவிடுவார். அவர்களை விடுங்கள். தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்து தேர்தல் ஆணையத்தையே உலுக்கி எடுத்த டி.என். சேஷன் 1997-இல் கே.ஆர். நாராயணனை எதிர்த்துக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நிற்கவில்லையா? ஒன்பதரை லட்சத்துக்கு எதிராக ஐம்பதாயிரம் வாங்கி டெபாசிட் காலி. அவரை யாரும் ஒப்புக்கு நின்றவர் என்று எழுதவில்லை.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். அது வெறும் பயம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். 1996-இல் ஈரோடு பக்கத்தில் மோடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் 1,033 பேர் நின்றார்கள். விவசாயிகள் தங்கள் கோரிக்கையைக் கவனிக்க ஆளில்லை என்று கூட்டமாக மனுப் போட்டார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகம் மாதிரி அச்சடிக்க வேண்டி வந்தது. தேர்தலை ஒரு மாதம் தள்ளி வைத்தார்கள். சுப்புலட்சுமி ஜெகதீசன் ஜெயித்தார். 88 பேருக்கு ஓர் ஓட்டுகூட இல்லை, தன் ஓட்டையும் தனக்குப் போட்டுக்கொள்ளாதவர்கள். அதே ஆண்டு நல்கொண்டா மக்களவைத் தொகுதியில் 480 பேர், பெல்காமில் 456 பேர். நல்கொண்டாவில் நின்றவர்கள் கேட்டது குடிதண்ணீர். புளோரைடு கலந்த தண்ணீரைக் குடித்துக் குடித்துப் பல்லும் எலும்பும் கெட்டுப்போன கிராமங்கள் அவை. நாடு முழுக்க அந்த மக்களவைத் தேர்தலில் 13,952 வேட்பாளர்கள்.

நாடாளுமன்றம் வேலியைப் போட்டது. 1951-இலிருந்து மாறாமல் இருந்த 500 ரூபாய் மக்களவைக் கட்டுத்தொகை 10,000 ஆனது, சட்டப்பேரவைக்கு 250 ரூபாய் 5,000 ஆனது. அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும், சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும் என்றார்கள். ஒரே நேரத்தில் இரண்டு தொகுதிக்கு மேல் நிற்கக் கூடாது என்றார்கள். அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளர் இறந்தால் வாக்குப்பதிவு தள்ளிவைக்கப்படும், சுயேச்சை இறந்தால் தேர்தல் பாட்டுக்கு நடக்கும் என்றும் அப்போதுதான் எழுதி வைத்தார்கள். 1998-இல் வேட்பாளர் எண்ணிக்கை 4,750 ஆகக் குறைந்தது. 2009-இல் கட்டுத்தொகையை மறுபடி ஏற்றி 25,000, 10,000 ஆக்கினார்கள். பட்டியலின, பழங்குடி வேட்பாளர்களுக்கு அதில் பாதி. பதிவான செல்லுபடியாகும் ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் அந்தப் பணம் போச்சு.

சரி, அந்த வேலி யாரைத் தடுத்தது? பத்மராஜனைத் தடுக்கவில்லை. கடை வருமானத்தில் லட்சக்கணக்கில் கட்டுத்தொகையாகவே விட்டுவிட்டு இன்னும் நின்றுகொண்டிருக்கிறார். பெயர்க் குழப்பத்துக்கு ஆள் நிறுத்தும் கட்சிக்காரரையும் தடுக்கவில்லை. அவர் தேர்தலில் கொட்டும் காசுக்கு 25,000 ரூபாய் ஒரு நாள் டீச்செலவு. தடுத்தது நல்கொண்டாவின் வளைந்த முதுகுக்காரரை. கையில் ரூபாய் இல்லாமல் கோரிக்கை மட்டும் வைத்திருப்பவரை.

எங்கள் பக்கத்தில் விசைத்தறி ஓட்டும் ஒருவர், சாயத்தண்ணீர் கிணற்றில் இறங்குகிறது என்று சட்டமன்றத் தேர்தலில் நின்றார். மனைவியின் தோட்டை அடகு வைத்துத்தான் டெபாசிட் கட்டினார். பத்து முன்மொழிபவர்களில் ஒருவருடைய வாக்காளர் பட்டியல் பாகம் எண்ணைத் தப்பாக எழுதிவிட்டு, கடைசி நாள் மத்தியானம் மொபெட்டில் ஓடி இன்னோர் ஆளிடம் கையெழுத்து வாங்கி வந்தார். சின்னம் கிடைத்த பிறகு பிரசாரத்துக்கு இருந்தது இரண்டு வாரச் சொச்சம். தறியை நிறுத்திவிட்டு வீடு வீடாகப் போனார். தோற்றார், அது எதிர்பார்த்ததுதான். அதற்கப்புறம்தான் வினை. முடிவு வந்து 30 நாளுக்குள் செலவுக் கணக்கை ஒப்படைக்க வேண்டும், தவறினால் மூன்று ஆண்டு வரை தேர்தலில் நிற்கத் தடை. கட்சிக்காரருக்கு ஆடிட்டர் இருக்கிறார், வக்கீல் அணி இருக்கிறது. இவருக்கு, டீக்கும் துண்டறிக்கைக்கும் ஆன செலவை எழுதிய ஒரு நாற்பது பக்க நோட்டு. தோற்ற பிறகு அதை யார் கேட்கப் போகிறார்கள் என்று பீரோவில் போட்டுவிட்டார். நோட்டீஸ் வந்தது, புரியவில்லை, அப்புறம் தடை வந்தது. ஒரு கட்சி தன் பிரசாரத்துக்கு எத்தனை கோடி செலவு செய்யலாம் என்பதற்கு இந்த நாட்டில் உச்சவரம்பே கிடையாது என்பதை அவருக்கு நான் சொல்லவில்லை. எதற்கு வயிற்றெரிச்சல்.

உங்களில் எத்தனை பேர் வாக்குச்சாவடிக்குள் விடிகாலை ஐந்தரை மணிக்கு நின்றிருப்பீர்கள் என்று தெரியவில்லை. உண்மையான ஓட்டுப்பதிவுக்கு முன்னால் மாதிரி வாக்குப்பதிவு நடக்கும். குறைந்தது ஐம்பது ஓட்டுப் போட்டுப் பார்க்க வேண்டும். நோட்டா உட்பட எல்லாப் பொத்தானையும் அழுத்த வேண்டும். பெரிய கட்சிகளின் முகவர்கள் தூக்கக் கண்ணோடு வந்து வரிசையாக அவரவர் சின்னத்தை அழுத்துவார்கள். சுயேச்சைகளுக்கு முகவர் இருப்பதில்லை. அவர்களுக்காக நாங்கள்தான் அழுத்துவோம். தென்னந்தோப்புக்கு மூன்று, பலாப்பழத்துக்கு மூன்று, கிரிக்கெட் மட்டைக்கு மூன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு 'பீப்'. பிறகு எண்ணிப் பார்த்து, எல்லாம் சரி என்று முகவர்களிடம் கையெழுத்து வாங்கி, இயந்திரத்தில் பதிந்ததை அழித்து, யாருக்கு ஓட்டுப் பதிந்தது என்று காட்டும் விவிபாட் சீட்டுகளில் முத்திரை குத்திக் கறுப்பு உறையில் போட்டு ஒட்டுவோம். கடைசிப் பொத்தான்களை அழுத்தும்போது எந்த முகவரும் பார்ப்பதில்லை, அதற்குள் டீ வந்திருக்கும்.

அந்தக் கடைசிப் பொத்தான்களால் எங்களுக்கு வேலை கூடுவது உண்மை. ஒரு வாக்குப்பதிவுப் பெட்டியில் 16 இடம், நோட்டா போக 15 பேர். பதினாறாவது ஆள் வந்தால் இன்னொரு பெட்டி, இன்னும் கேபிள். புலம்பியிருக்கிறோம். ஆனால் செலவுக் கணக்கு என்று வந்தால் எல்லாச் செலவையும் பார்ப்போம். 1996-இல் 'இரண்டு தொகுதிக்கு மேல் கூடாது' என்று போட்டார்களே, அதைப் பெரிய தலைவர்கள் 'இரண்டு வரை நிற்கலாம்' என்று எடுத்துக்கொண்டார்கள். 2014-இல் மோடி வாரணாசி, வடோதரா இரண்டிலும் ஜெயித்து வடோதராவை விட்டார், அங்கே இடைத்தேர்தல். 2024-இல் ராகுல் காந்தி ரேபரேலி, வயநாடு இரண்டிலும் ஜெயித்து வயநாட்டை விட்டார், அங்கே இடைத்தேர்தல். ஒரு தொகுதி முழுக்க மறுபடியும் சாவடி, மறுபடியும் பாதுகாப்பு, மறுபடியும் எங்களைப் போன்ற ஆசிரியர்கள். ஒருவருக்கு ஒரு தொகுதி போதும் என்று உங்கள் 255-ஆவது அறிக்கையே சொல்கிறது. அதை ஏன் யாரும் தூசி தட்டுவதில்லை?

இப்போது குஜராத்தின் சூரத். 2024 மக்களவைத் தேர்தல். காங்கிரஸ் வேட்பாளரின் மனு, முன்மொழிந்தவர்கள் கையெழுத்து எங்களுடையது இல்லை என்று சொன்னதால் தள்ளுபடி ஆனது. மாற்று வேட்பாளர் மனுவும் அதே கதி. மிச்சம் இருந்த பகுஜன் சமாஜ் வேட்பாளர், சிறு கட்சிக்காரர்கள், சுயேச்சைகள் என அத்தனை பேரும் ஒருவர் பின் ஒருவராக மனுவைத் திரும்பப் பெற்றார்கள். ஏப்ரல் 22 அன்று பா.ஜ.க. வேட்பாளர் முகேஷ் தலால் போட்டியின்றி வென்றதாக அறிவிக்கப்பட்டார். பதினாறு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் இருந்த தொகுதியில் ஒருவர் விரலிலும் மை படவில்லை. எதிர்த்து ஆள் இல்லாவிட்டால் நோட்டாவுக்கும் வழி கிடையாது.

அங்கே ஒரே ஒரு பத்மராஜன் இருந்திருந்தால் போதும். ஜெயிக்க வேண்டாம், பேச வேண்டாம், துண்டறிக்கை அடிக்க வேண்டாம். மனுவைத் திரும்பப் பெறாமல் வீட்டுக்குப் போய்ப் படுத்திருந்தாலே தேர்தல் நடந்திருக்கும். முகேஷ் தலால் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தும் இருப்பார். ஆனால் பதினாறு லட்சம் பேரிடம் கேட்டுவிட்டு ஜெயித்திருப்பார். கடத்திக்கொண்டு போனார்கள் என்று கதை சொல்லிவிட்டு மறுபடி மனுப் போடும் பிடிவாதம் பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம். சூரத்தில் கிடைக்காமல் போன சரக்கு அதுதான். சூரத்தில் சுயேச்சைகளும்தானே விலகினார்கள் என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்வி. கூடவே பதிவு பெற்ற கட்சிகளின் வேட்பாளர்களும் விலகினார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்சிச் சீட்டு அங்கே யாரையும் நிமிர்ந்து நிற்க வைக்கவில்லை.

நிற்க ஆள் இல்லாத தேர்தல் எப்படி இருக்கும் என்பது தமிழ்நாட்டுக்குப் புதிது இல்லை. மதுரைப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகள் 1996-இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டபோது, பத்து ஆண்டு அங்கே தலைவர் நாற்காலியில் யாரையும் நிலைக்க விடவில்லை. மனுப் போட ஆள் வராது, வந்து ஜெயித்தாலும் உடனே ராஜினாமா. மேலவளவில் துணிந்து நின்று தலைவரான முருகேசன் 1997-இல் வெட்டிக் கொல்லப்பட்டார். ஊராட்சித் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது, அங்கே நிற்பவர் எல்லோரும் சுயேச்சை மாதிரிதான். வேட்புமனு என்ற அந்தத் தாளுக்கு இங்கே என்ன விலை கொடுத்திருக்கிறார்கள் என்பது தெரிந்தவர்கள், யார் நிற்கலாம் என்ற பட்டியலைச் சுருக்கும்போது கொஞ்சம் தயங்குவார்கள்.

பெயர்க் குழப்பம் பற்றி நீங்கள் சொல்வதில் உண்மை நிறையவே இருக்கிறது. 2004-இல் ஆலப்புழையில் காங்கிரஸின் வி.எம். சுதீரன் 1,009 ஓட்டில் தோற்றார். வி.எஸ். சுதீரன் என்று அங்கே நின்ற இன்னொருவர் எட்டாயிரத்துக்கு மேல் வாங்கியிருந்தார். 2024-இல் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் நின்றபோது, இன்னும் ஐந்து ஓ. பன்னீர்செல்வங்கள் முளைத்தார்கள். அந்த ஐந்து பேருக்கும் ஒரே நேரத்தில் தானாக மக்கள் சேவை எண்ணம் வந்தது என்று நம்ப நான் தயாரில்லை. ஆனால் அங்கே பாதிக்கப்பட்டவரும் ஒரு சுயேச்சைதான் என்பதைக் கவனியுங்கள். உங்கள் பரிந்துரை சட்டமாகியிருந்தால் ஐந்து பன்னீர்செல்வங்களோடு ஆறாவதும் வெளியே நின்றிருப்பார். அவருக்கு ஓட்டுப் போட்ட மூன்று லட்சத்துச் சொச்சம் பேர் எங்கே போவார்கள்?

அதோடு, தடை போட்டால் இந்த வியாபாரம் நிற்குமா? கட்சி பதிவு செய்ய 100 உறுப்பினரும் 10,000 ரூபாயும் போதும். நம் ஊரில் லெட்டர்பேட் கட்சி என்று சொல்வோமே, அதற்கா பஞ்சம்? 2025 ஆகஸ்டில் தேர்தல் ஆணையம் ஆறு ஆண்டாகத் தேர்தல் பக்கமே வராத 334 கட்சிகளை ஒரே மூச்சில் பட்டியலிலிருந்து நீக்கியது. அப்படியும் அப்போது மிச்சம் இருந்தவை 2,500-க்கு மேல். சுயேச்சைக்குத் தடை என்றால், பெயர்க் குழப்பத்துக்கு ஆள் வேண்டியவர் அந்த மிச்சத்தில் ஒன்றை வாடகைக்குப் பிடித்துக்கொள்வார். எங்கள் தறிக்காரர் அப்படி எதைப் பிடிப்பார்?

தெலங்கானாவின் நிஜாமாபாதையும் ஒருமுறை பாருங்கள். 2019 மக்களவைத் தேர்தலில் அங்கே 185 பேர் நின்றார்கள். அவர்களில் 170 பேருக்கு மேல் மஞ்சளுக்கும் சோளத்துக்கும் விலை கேட்டு நின்ற விவசாயிகள். ஒவ்வொரு சாவடியிலும் 12 வாக்குப்பதிவுப் பெட்டிகளை வரிசையாக வைத்துத் தேர்தல் நடத்தினார்கள். தள்ளி வைக்கவில்லை, இயந்திரம் தாங்கியது. அப்போதைய தெலங்கானா முதல்வரின் மகள் கவிதா சுமார் எழுபதாயிரம் ஓட்டில் தோற்றார். ஜெயித்த பா.ஜ.க. வேட்பாளர் மஞ்சள் வாரியம் கொண்டுவருவேன் என்று பத்திரத் தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். 2025 ஜனவரியில் தேசிய மஞ்சள் வாரியம் நிஜாமாபாதைத் தலைமையிடமாகக் கொண்டு திறக்கப்பட்டது. ஆறு ஆண்டு ஆனது. அந்த விவசாயிகள் அத்தனை பேரும் தோற்றவர்கள், உங்கள் அறிக்கையின் மொழியில் தீவிரமற்ற வேட்பாளர்கள். மோடக்குறிச்சியும் மஞ்சள் பூமிதான், 1,033 பேர் நின்றும் எங்கள் பக்கத்துக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை என்ற ஆதங்கம் எனக்கு இருக்கிறது. அது வேறு கதை.

அப்புறம் உங்கள் சட்டப் புத்தகமே என் பக்கம். அரசியல் சாசனம் எழுதப்பட்டபோது மக்களவைக்கு நிற்க என்ன தகுதி என்று கேட்டால் குடியுரிமையும் வயதும்தான் முக்கியமாகச் சொன்னது. அரசியல் கட்சி என்ற பேச்சே 1985-இல் கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்தபோதுதான் அதற்குள் நுழைந்தது. முதல் மக்களவையில் 37 சுயேச்சைகள், இரண்டாவதில் 42. இப்போதுள்ள மக்களவைக்கு 2024-இல் வந்தவர்கள் ஏழே பேர். பாராமுல்லாவில் ரஷீத், கடூர் சாஹிப்பில் அம்ரித்பால் சிங் என்று சிறையில் இருந்தபடி ஜெயித்தவர்களும் அந்த ஏழில் உண்டு. அவர்களை எனக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பது இங்கே விஷயமில்லை, அந்தத் தொகுதி மக்களுக்குக் கட்சிகள் காட்டிய ஆட்கள் போதவில்லை. வேறு ஆளைக் காட்ட ஒரு வழி இருந்தது, காட்டினார்கள்.

கேட்பது இவ்வளவுதான். சுயேச்சைத் தடைப் பரிந்துரையை அடுத்த அறிக்கையில் நீங்களே திரும்பப் பெறுங்கள். கட்டுத்தொகைக்கு மாற்றாகக் கையெழுத்தை வையுங்கள். 25,000 ரூபாய் கட்ட முடியாதவர், தொகுதி வாக்காளர்கள் ஐந்நூறு பேரிடமோ ஆயிரம் பேரிடமோ கையெழுத்து வாங்கி வரட்டும். ஊர் ஊராக அலைந்து அதை வாங்குபவரை யாரும் ஒப்புக்கு நிற்கிறார் என்று சொல்ல மாட்டார்கள். பெயர்க் குழப்பத்துக்கு நிற்பவருக்கு அது கட்டுத்தொகையைவிடப் பெரிய தலைவலி. ஆயிரம் கையெழுத்து என்றால் பத்மராஜனே மேட்டூரைத் தாண்டி நிற்க முடியாமல் போகலாம், வடோதராவில் அவருக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்? அதனால்தான் மாற்று என்கிறேன், இரண்டில் ஒன்றை வேட்பாளர் தேர்ந்தெடுக்கட்டும். செலவுக் கணக்கு விஷயத்தில், ஒரு லட்சத்துக்குள் செலவழித்தவருக்கு ஒரே பக்கப் படிவம் போதும் என்று ஆக்குங்கள், தடை போடுவதற்கு முன் நேரில் கூப்பிட்டு ஒரு தடவை கேட்கச் சொல்லுங்கள். இரண்டு தொகுதியில் ஜெயித்து ஒன்றை விடுபவரிடம் இடைத்தேர்தல் செலவை வசூலிப்பதை, ஒரு தொகுதி விதி வரும் வரைக்குமாவது செய்யலாம். போட்டியில் ஒருவர் மட்டும் மிஞ்சினாலும் நோட்டாவோடு மோத விட்டு ஓட்டுப்பதிவு நடத்த வேண்டும் என்றும் எழுதுங்கள், சூரத் இன்னொரு முறை வேண்டாம்.

இதற்கெல்லாம் கருத்துக் கேட்க எப்படியும் ஒரு கேள்வித்தாள் அனுப்புவீர்கள். கட்சி அலுவலகங்களுக்கும் பார் கவுன்சில்களுக்கும் அனுப்பும்போது மேட்டூருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். தன் வேட்புமனுக்களையும் அடையாள அட்டைகளையும் லேமினேட் செய்து பத்திரமாக வைத்திருப்பவர் அவர். எந்த ஆண்டு எந்தப் படிவம் மாறியது, எந்தக் காரணம் சொல்லி எந்த அதிகாரி தள்ளுபடி செய்தார் என்பதற்கு நாட்டில் அவரைவிட நல்ல ஆவணக் காப்பகம் கிடைக்காது. கேள்வித்தாள் தமிழில் இருக்கட்டும், எங்கள் தறிக்காரருக்கும் ஒன்று நகல் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
சேலம் மாவட்டத்து வாக்காளர் ஒருவர்